சினா அக்காவின் ஒரு சொல்

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவர் சினா அக்காவின் தம்பி தவீத்தா. "அக்கா விடியக்காலமை போயிட்டா. நான் பக்கத்திலதான் இருந்தனான்," என்றார். முதல் வாக்கியத்தைத் தாங்கிக்கொண்ட நான் இரண்டாவதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் தென் லண்டனின் ஸ்ட்ரெதத்தில் பிள்ளை பெற்ற நம் பெண்கள் பலருக்கு அவரைத் தெரியும். பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவிலிருந்து வந்து இங்கே மருத்துவிச்சியாக இருந்தவர். நான் மொழிபெயர்க்க அவரோடு வீடு வீடாகப் போனவள். நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் பிரசவத்தில் நான் பயத்தில் வாயடைத்து நின்றேன். அவரே, "முக்கு பிள்ளை, முக்கு!" என்று அதட்டினார். வலியில் கிடந்த பெண் சிரித்தே விட்டாள். இந்தத் தமிழை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "உங்கட மாமிமார் கத்துறதைக் கேட்டுத்தான்," என்றார். மற்றபடி அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது நம் பேச்சாகவே பதிந்துவிட்டது.

ஒரு நாள் மதியம் அவருடைய காருக்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊரில் தாய்மாமன் இறந்துவிட்டதாகச் சொன்னார். அந்த மாமன் பல கிராமங்கள் மதிக்கும் பெருந்தலைவர். தலைமுறை தலைமுறையாக வந்த தலைமைப் பட்டம் ஒன்றைத் தாங்கியவர்.

"அப்ப, இனி அது அவற்ற மகனுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"மகன் எண்டதுக்காக மட்டும் வராது. உரித்துள்ள எல்லாரும் கூடி இருந்து கதைக்கோணும். எல்லாரும் ஓம் எண்டு சொல்லுமட்டும் கதைக்கோணும்."

அந்தப் பேச்சில் தலைவரின் சகோதரிகளுடைய வழிக்குத் தனி மதிப்பு உண்டாம். சினா அக்காவின் அம்மா இறந்தவருக்கு மூத்த சகோதரி. அவர் உயிரோடு இல்லாததால், மகளின் சொல்லுக்குக் குடும்பம் காத்திருந்தது. இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவர், தலைவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அவருடைய மகன். மற்றவர், லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தவீத்தா.

தாய் இறந்தபின் தவீத்தாவை வளர்த்தவர் சினா அக்காதான். இங்கே அக்காவுக்கு இருந்த ஒரே இரத்த உறவும் தம்பிதான். தவீத்தா நல்ல பேச்சாளர், ஊரில் பலருக்கு அவரைப் பிடிக்கும். இங்கேயோ, பஸ்ஸில் ஏறியவர்கள் சிலர் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நமக்கும் அதே சொற்கள்தான் கிடைத்தன. அந்தப் பட்டத்துக்கு அவர் ஏன் ஏங்கினார் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது.

தேவாலயத்திலிருந்து வந்த ஒரு ஞாயிறு மத்தியானம், சினா அக்காவின் குசினியில் சாப்பிட இருந்தபோது தவீத்தா கேட்டேவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"நீ ஒரு சொல்லுச் சொன்னால் காணும், அக்கா."

"அதைச் சொல்ல ஏலாது, தம்பி. அங்கை செத்தவீட்டில முன்னுக்கு நிக்கோணும், காணிச் சண்டையைத் தீர்க்கோணும். நீ பதினாறு வயசில இஞ்சை வந்தனி."

"நான் உன்ர தம்பி."

"ஓம். அதாலதான் நான் இன்னும் கவனமா இருக்கோணும்."

அவர் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போனார். கதவு சாத்திய பிறகும் சினா அக்கா அவர் தொடாத சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்றேன். "குடும்பம் என்ர வாயால கதைக்குது. அதுக்குள்ள என்ர ஆசையைக் கலக்கக்கூடாது," என்றார்.

அவர் ஊருக்குப் போய்க் கூட்டத்தில் இருந்து, மாமன் மகனுக்காகப் பேசினார். பட்டம் அவருக்கே போனது. தவீத்தா அக்காவோடு பேச்சை நிறுத்தினார். அந்த மௌனம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

சினா அக்கா தம்பியின் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார். தேவையே இல்லாமல், கிழமைக்கு ஓரிரு தடவை. காலை வணக்கம் சொல்வார், பதில் வராது. பின்னால் இருந்து நாலு தரிப்பிடம் போய் இறங்கி நடந்து வருவார். உங்களுக்கு இது அவமானமாக இல்லையா என்று கேட்டேன். "முகம் பார்க்கத்தானே போறன்," என்றார். ஒரு மழை நாளில் அவர் ஓடி வருவதைக் கண்டு தவீத்தா கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாராம். ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் சினா அக்கா அன்று முழுவதும் சந்திப்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "இண்டைக்கு எனக்காக நிண்டவன்!"

போன வருடம் அவருக்கு வருத்தம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னைத் தடுத்துவிட்டார். ஒரு பின்னேரம் நான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, பஸ் சீருடையோடேயே தவீத்தா வார்டுக்குள் வந்து கட்டிலருகே நின்றார்.

"ரெண்டு கிழமையா நீ ஏறேல்லை," என்றார். "வீட்டை போய்த் தேடினனான்."

"களைப்பாக் கிடந்தது, தம்பி."

நான் சீப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அதன்பின் அவர் வராத நாளே இல்லை.

அடக்கத்துக்கு, இப்போது பெருந்தலைவராக இருக்கும் அந்த மாமன் மகனே சமோவாவிலிருந்து வந்தார். தாழையோலையைத் துணிபோல மெல்லியதாகப் பின்னிய பாய்களை, அவர்களுடைய உயர்ந்த மரியாதைக்குரிய அந்தப் பாய்களை, பெட்டியின்மேல் விரித்தார்கள். குடும்பத்தின் சார்பில் பேச வேண்டியவர் அவர். அவரோ பின்வரிசையில் நின்ற தவீத்தாவை அழைத்துத் தன் பக்கத்தில் இருத்தினார். "அங்கை நான் நிக்கிறன். இஞ்சை இருக்கிற எங்கட சனத்துக்கு நீ நிக்கோணும்," என்று அவர் சொன்னதாக எனக்கு மொழிபெயர்த்தார்கள். குடும்பத்தின் இன்னொரு பட்டத்தைத் தவீத்தாவுக்குக் கொடுக்க ஊரில் எல்லாரும் ஓம் என்றுவிட்டார்களாம். தவீத்தா எழுந்து பேசினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முன்வரிசைக் கிழவர்கள் தலையாட்டிக்கொண்டே அழுதார்கள்.

போன கிழமை என் மகள் ஒன்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அவள் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். முன்பென்றால் நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருப்பேன். இந்த முறை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அவளுடைய கதவடியில் இருந்தேன். என் பதிலை மாற்றவில்லை, எழுந்தும் போகவில்லை. சினா அக்காவிடமிருந்து எனக்கு வந்த உரித்து இது. தேத்தண்ணி ஆறிய பிறகு கதவு திறந்தது.