பன்னிரண்டாவது நோட்டீஸ்

நாற்பத்தொரு வருடங்களில் முப்பத்தாறு வேடம் போட்டிருக்கிறேன். இருபத்திநாலில் செத்திருக்கிறேன். கடலில் ஐந்து, மாரடைப்பில் பத்து, மிச்சம் ஒன்பதும் கதை தொடங்க முன்னரே. சாவது சுலபமான வேலை என்று நினைக்கிறார்கள். ஈ வந்து மூக்கில் இருந்தாலும் அசையக்கூடாது. ஒரு சாவுக்குச் சராசரி ஏழு தடவை படுக்கவேண்டும், முழங்கால் பிடித்துக்கொள்கிறது. எந்த விளம்பரத்திலும் என் முகம் வந்ததில்லை.

சாம்பல்தீவில் இருக்கும் என் அக்கா இந்தச் சாவுகளைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. இருதயத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து குளிசை.

போன வருடம் ஒரு தொலைக்காட்சி நாடகக் குழு கொழும்பிலிருந்து வந்தது. நான் கதாநாயகியின் இறந்துபோன தகப்பன். எங்கள் பக்கத்தில் ஆள் இறந்தால், படம் போட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீசை மின்கம்பங்களில் ஒட்டுவார்கள். அதை நாயகி பஸ்சிலிருந்து காண்பதாகக் காட்சி. பின்னேரம் எடுத்து முடித்தார்கள், சாமான்களை ஏற்றினார்கள், போய்விட்டார்கள். நோட்டீசுகளைக் கிழிக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு உள்துறைமுக வீதித் தேநீர்க் கடைக்குப் போனேன். கடை முதலாளி கையிலிருந்த கோப்பையைப் போட்டு உடைத்தார்.

"ஐயா! உங்கட செத்த வீட்டுக்கு வரத்தானே கடையைப் பூட்ட வெளிக்கிட்டனான்!"

நோட்டீசில் இருந்தது பாத்திரத்தின் பெயர். ஆனால் ஓடும் பஸ்சிலிருந்து யார் பெயரைப் படிக்கிறார்கள்? படம் என்னுடையது. அன்று வியாழக்கிழமை, அக்காவுக்குக் கிளினிக். ஏழு மணி பஸ்சில் நிலாவெளி றோட்டால் வருவார், எப்போதும் சன்னலோரம். அவருடைய கைபேசி பழுதாகிப் பதினொரு நாள்.

உதவி இயக்குநருக்குப் போன் எடுத்தேன். "நிலாவெளி றோட்டு நெடுக பன்னிரண்டு ஒட்டினது, ஐயா" என்றான், நித்திரைக் குரலில்.

கிண்ணியாக்காரர் ஒருவரின் ஆட்டோவைப் பிடித்தேன். கம்பத்துக்குக் கம்பம் நிறுத்தினார். பசை காய்ந்து இறுகியிருந்தது. ஊரில் என் முகம் ஒட்டப்பட்டது அதுதான் முதல் தடவை. என் நகத்தாலேயே சுரண்டினேன்.

"தன்ட மௌத்து நோட்டீசைத் தானே கிழிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன், ஐயா."

"கதையை விட்டிட்டு ஓட்டுங்கோ, தம்பி."

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவதைக் காணவில்லை. எதிரே ஏழு மணி பஸ் வந்தது. மறித்து ஏறிப் பார்த்தேன். ஒரு சன்னலோரத்திலும் அக்கா இல்லை. இறங்கும்போது படி இரண்டா மூன்றா என்று தெரியவில்லை.

சாம்பல்தீவுச் சந்தியில், பஸ் தரிப்பிடத்துச் சீமெந்துக் கட்டில் அக்கா இருந்தார். கிளினிக் கொப்பி நிலத்தில் கிடந்தது. மடியில் ஓரம் கிழிந்த நோட்டீஸ். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"அக்கா, அது நாடகத்துக்கு..."

"தெரியும். முதல் ஒண்டும் விளங்கேல்லை. கால் ரெண்டும் ஏலாமப் போட்டுது, இதிலையே இருந்திட்டன். பஸ்சும் போட்டுது. பிறகுதான் வயசைப் பார்த்தன். அம்பத்தெட்டாம்! எழுபத்திரண்டு வயசுக் கிழவனுக்கு!"

சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ஆட்டோவிலேயே கிளினிக்குக் கொண்டுபோனோம். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. வழமையில் நூற்று நாற்பதைத் தாண்டாது. அந்த ஐம்பதும் என் கணக்கில்.

மருந்து வரிசையில் இருக்கும்போது கேட்டார்: "இதோட எத்தினை?"

"இருபத்திரண்டு."

"விடச் சொன்னா விடமாட்டாய். இனிச் சாகிறதெண்டா முதல்நாளே எனக்குச் சொல்லிப்போடு."

அன்றைக்கே அவருடைய கைபேசியைத் திருத்தக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு முறை செத்திருக்கிறேன். இரண்டு முறையும் முதல்நாளே போன் எடுத்துச் சொன்னேன்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்பார். சொல்வேன்.

"வெறும் வயித்தோட போகாதை."

வேலை முடிந்ததும் திரும்பப் போன் எடுக்கவேண்டும். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுகிறார்.