குவைத் பெட்டிச் சோறு

எங்கள் பக்கத்து வளவில் இருந்த முனவ்வறா ராத்தா, சாய்ந்தமருதிலிருந்து முதன்முதலாகக் குவைத்துக்குப் போன பெண்களில் ஒருவர். புருஷன் கடலில் மவுத்தான பிறகு, தவழ்ந்து திரிந்த மகள் ஹாஜறாவைத் தங்கை சுபைறாவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போனார். அவருக்குக் கடிதம் எழுத வராது. கசற்றில் கதைத்து அனுப்புவார். எந்தக் கசற்றைப் போட்டாலும் இந்தக் கதை வரும்:

"மகள், இஞ்ச ஐஸாக் கிடக்கிற சோத்தப் பிளாஸ்டிக் பெட்டியோடயே போறணைக்குள்ள வெக்கிற. பெட்டி உருகாது, சோறு ஆவி பறக்கும். உம்மா வந்து ஒனக்கும் அப்பிடி ஆக்கித் தருவன்."

போறணை என்றால் எங்களுக்குத் தெரிந்தது பேக்கரியில் பாண் சுடும் விறகடுப்புத்தான். ஹாஜறா அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

எண்பத்தைந்தில் ராத்தா வந்தார். மற்றவர்கள் கம்பளியும் ரேடியோவும் கொண்டுவந்த காலம் அது. அவரோ, வீட்டுக்காரி வீசிய கறுத்த பிளாஸ்டிக் பெட்டிகளைக் கழுவித் துடைத்து சூட்கேஸ் நிறைய அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஹாஜறா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாளே தவிர, கிட்ட வரவில்லை. அவள் உம்மா என்று கூப்பிட்டது சுபைறாவை. பெற்றவள் அவளுக்குக் "குவைத் உம்மா".

"இந்தச் சோத்த ஒருக்காத் திண்டாளெண்டா, என்னோட வந்து படுப்பாள், பாரு" என்றார் ராத்தா என்னிடம். அந்த ஆசையில்தான் எல்லாம் செய்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் கோழியும் ஆக்கிப் பெட்டிகளில் போட்டு, கடற்கரையில் வாங்கிவந்த, மீனுக்குப் போடும் ஐஸுக்குள் புதைத்து வைத்தார். குவைத்தில் பெட்டி உருகாமல் இருந்தது உள்ளே இருந்த குளிரால்தான் என்பது அவருடைய எண்ணம். அஸர் தொழுதுவிட்டுப் பெட்டிகளைக் கலந்தர் காக்காவின் பேக்கரிக்குச் சுமந்தார். சுபைறாவும் ஹாஜறாவும் கூட்டாளிப் பிள்ளைகளும் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

கலந்தர் காக்கா பெட்டியை விரலால் சுண்டிப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்கல்லவா புள்ள? என்ட போறணை இரும்புத் தட்டையே செவக்க வெக்கும்."

"குவைத்தில என்ட கையால வெச்செடுத்த காக்கா."

"அங்க சூட்டக் கொறைக்கத் திருகிற கட்டை இரிக்கும். இஞ்ச திருகிறத்துக்கு என்ட காதுதான் இரிக்கி."

பிள்ளைகள் சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்தார். "நீங்க வெய்யுங்க காக்கா. நல்லா ஐஸாக்கித்தான் கொண்டாந்த."

அவர் நீட்டுப் பலகையால் உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் கறுத்த புகை வந்தது. வெளியே இழுத்தபோது பெட்டிகள் சுருண்டு சோற்றோடு ஒட்டிப்போயிருந்தன. மீன் வாடையும் பிளாஸ்டிக் எரிந்த வாடையும் சேர்ந்து வீசின.

"ஹாஜறாட குவைத் சோறு!" என்று ஒருத்தி மூக்கைப் பொத்தினாள்.

ஹாஜறா அழத் தொடங்கினாள். "வா மகள்" என்று ராத்தா கையை நீட்டினார். பிள்ளை சுபைறாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உம்மா, வீட்ட போவம்" என்றாள்.

சுபைறா நல்லவள். அன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு வந்து கெஞ்சினாள். "புள்ளைக்குப் பெட்டியும் வேணாம், ஒண்டும் வேணாம் ராத்தா. இஞ்சயே இரிங்க. தலைக்கு எண்ணெய் வெச்சி இழுத்து விடுங்க. மறுகா அவள் தானா வருவாள்."

நானும் அதையேதான் சொன்னேன். ராத்தாவின் காதில் ஏறவில்லை. பிழை போறணையில்தான் என்று முடிவெடுத்துவிட்டார். "அந்த அடுப்பையே கொண்டாறன்" என்று திரும்பவும் ஏஜன்சிக்காரரிடம் பாஸ்போட்டைக் கொடுத்தார்.

சொன்னபடி கொண்டும் வந்தார். நாலு வருசம் போயிருந்தது. ஒருவருக்கு எழுதிய உணவை, அந்த ரிஸ்கை, எந்த ஊரில் போட்டிருக்கிறான் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அதில் நான் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் அந்த நாலு வருசமும் அவர் இங்கே இருந்திருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

அந்தக் கரண்ட் அடுப்பில் பெட்டி உருகவில்லை. சோறு ஆவி பறந்தது. தலையை மூடிக்கொண்டு திரியும் பெரிய பிள்ளையாகிவிட்ட ஹாஜறா, மரியாதையாக வந்து உட்கார்ந்தாள். பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டாள். "நல்ல ருசி" என்றாள். பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஸலாம் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் சுபைறாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராத்தா வாசல் கடப்படியில் நின்று அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு பாய் விரித்திருந்தது. ஒன்றை நான்தான் சுருட்டி வைத்தேன்.