கதவைச் சாத்திக்கொண்டவள்

எண்பதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் ஓர் இறால் குடோனில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் மீஞ்சூர்ப் பக்கம் செங்கல் சூளை, அதற்கும் முன் மெட்ராஸில் ஒரு வீடியோ கேம் கடையில் சில்லறை மாற்றித் தரும் வேலை. எட்டாவதைப் பாதியில் விட்டவன், ஓரிடத்தில் தரிக்காதவன். ஐஸில் வெடித்த விரலில் இறால் முள் குத்தினால் சீழ் வைக்கும். ஆனால் குடோனிலேயே படுத்துக்கொள்ளலாம், மதியச் சோறு உண்டு.

குடோன் முதலாளி அந்த ஊரின் பழைய முஸ்லிம் வியாபாரக் குடும்பத்துப் பெரியவர். அவருடைய ஒரே மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். கலர் டிவியும் அதில் மாட்டி ஆடும் கேம் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். வந்தபோது பெண்டாட்டி வீட்டில் இல்லை. பொன்னேரியில் தாய்வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏன் போனாள் என்று வீட்டுக்குள் யாரும் பேசவில்லை. வெளியே எல்லாரும் பேசினார்கள். லீவு முடிவதற்குள் அழைத்துவராவிட்டால் அந்தக் கல்யாணம் அவ்வளவுதான். அவனோ பொன்னேரிக்குப் போகாமல், கூடத்தில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தான்.

படகோட்டி ஒருவன் ஒரு பெட்டியோடு தண்ணீரைக் கடக்கிற ஆட்டம். சுறா, சுழல், கொள்ளைக்காரன் எல்லாம் வரும். மகன் என்னையும் ஆடவிட்டான். மெட்ராஸ் கடைப் பழக்கமிருந்ததால் கடைசிவரை முதலில் போனவன் நான்தான். படகு கரை சேர்கிறது. அவன் இறங்கி நடந்து ஒரு வீட்டு முன்னால் நிற்கிறான். நாய் ஒன்று படுத்திருக்கிறது. ஒரு பெண் கதவைத் திறந்து பார்க்கிறாள், சாத்திக்கொள்கிறாள். திரை கறுத்து, ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நடுவில் எழுத்துகள் ஓடின. சீனமோ ஜப்பானோ, படிக்க ஆளில்லை.

இறால் போட வருகிற வலைக்காரர்கள் லாரி கிளம்பிய பிறகு கூடத்து வாசலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த முடிவை அவர்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான் என்றார் ஒருவர். இது திருட்டு கேசட், நல்ல முடிவை வெட்டிவிட்டு விற்கிறார்கள் என்றார் இன்னொருவர். ஒரு சுறாவையும் விடாமல் கொன்றால்தான் திறப்பாள் என்று சொல்லி ஒருவர் என்னை இரண்டு நாள் ஆடவைத்தார். கொன்றேன். சாத்தினாள்.

“நாய் கொரைக்கல பாத்தியா? அவன் தண்ணியிலயே செத்துட்டான். வந்து நிக்கிறது ஆவி.”

“ஊட்டு ஆளப் பாத்து நாய் ஏன்டா கொரைக்கும்?”

“அப்ப வால ஆட்டியிருக்கணுமில்ல?”

உள்ளே வேறு ஆள் இருக்கிறான் என்று ஒருவர் சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பீடி பற்றவைத்தார்கள்.

மகன் அன்று சாயங்காலம் குடோனுக்கு வந்தான்.

“இன்னா பேசிக்கிறாங்க? கேமப் பத்தியா, என்னப் பத்தியா?”

கேமைப் பற்றித்தான் என்றேன். அவன் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை.

கூடையில் இறால் கொண்டுவந்து போடும் மீனவப் பெண் ஒருத்தி உண்டு. வாரத்தில் ஒருநாள் பொன்னேரிச் சந்தையில் கருவாடு விற்பாள். ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு கூடத்து வாசலில் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தாள். பெரியவரும் உள்ளே நாற்காலியில் இருந்தார்.

“இத்தினி ஆம்பள ஒக்காந்து கதவையே பாத்துனு கீறீங்களே,” என்றாள். “அந்தப் பொட்டி எங்க போச்சு?”

அப்போதுதான் உறைத்தது. கரை இறங்கியதும் அந்த ஆள் அங்கிருக்கும் பெரிய கட்டடத்தில் பெட்டியை வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் வீட்டுக்கு நடக்கிறான். எத்தனையோ முறை பார்த்தும் யாரும் அதைச் சேர்த்து யோசிக்கவில்லை.

“எங்காளு கரையில எறங்கினா மீன என் கையிலதான் குடுப்பான். விக்கிறதும் நான், காச வச்சிக்கிறதும் நான். இவன் எவன் கிட்டயோ குடுத்துட்டு ஊட்டாண்ட வந்து நிக்கிறான். நானா இருந்தாலும் சாத்திடுவேன்.”

வலைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகன் துபாயிலிருந்து அனுப்பும் பேங்க் டிராஃப்ட் எல்லாம் பெரியவர் பேருக்குத்தான் வருகிறது என்பது பேங்க் வாசலில் பீடி விற்பவனுக்குக்கூடத் தெரியும். மகன் டிவியை அணைத்தான். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மகன் பொன்னேரிக்குக் கிளம்பினான். துபாய்ச் சாமான் அட்டைப்பெட்டியைத் தூக்க நான். மாமனார் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். பெண்டாட்டி உள்ளறை வாசல்வரை வந்து நின்றாள். அட்டைப்பெட்டியைப் பார்க்கவே இல்லை.

“தலவலி மாத்திரைக்குக்கூட ஒங்க வாப்பா கிட்ட கை நீட்டணும். இன்னாத்துக்குன்னு சொல்லணும். இனிமேயும் அப்டிதானா?”

“உன் பேருக்கே அனுப்பறேன்.”

“இத இங்க சொல்லாதீங்க. அங்க சொல்லிட்டு வாங்க.”

திரும்பும் பஸ்ஸில் கூடைக்கார அம்மா தானாகத்தான் சொன்னாளா, பொன்னேரியில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டான். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. சந்தையிலிருந்து அவன் மாமனார் வீடு எவ்வளவு பக்கம் என்பதை நானும் அன்றுதான் பார்த்திருந்தேன்.

அடுத்த நாள் காலை, இறால் எடை போடும்போது இனிப் பணம் அவள் பேருக்குத்தான் அனுப்புவேன் என்று எல்லார் முன்னாலும் அவன் வாப்பாவிடம் சொன்னான். பெரியவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“ஒன் சம்பாத்தியம். ஒன் இஷ்டம்.”

அவ்வளவுதான். பிறகு கூடைக்கார அம்மாவிடம் இனி இங்கே இறால் எடுக்கப்போவதில்லை என்றார். அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த கம்பெனிக்கு நடந்தாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மெட்ராஸ்ல அந்த மாதிரிக் கடையில இருந்தவன்தானே நீ? முடிவ மாத்தி வச்சது நீதானே?”

அந்தக் கேம் பெட்டியில் அப்படியெல்லாம் மாற்ற முடியாது, அது கேசட்டிலேயே இருப்பது என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

“பாத்தியா, எல்லாம் தெரிஞ்சி வச்சிருக்கான்,” என்றார் கணக்குப்பிள்ளையிடம். மதியச் சோற்றோடு கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு பைதான் என் சாமான். பொன்னேரி பஸ்ஸில் ஏறினால், முன் சீட்டில் மகன் உட்கார்ந்திருந்தான். அவளை அழைத்துவரப் போகிறான். கையில் ஒன்றுமில்லை. பாதி வழியில் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“வாப்பா சொல்றது நெசமா?”

இல்லை என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். நான் சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டான்.

“மாத்தியிருந்தாலும் பரவால்ல,” என்றான்.

பொன்னேரியில் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மாமனார் வீட்டுத் தெருவுக்குள் போனான். நான் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.