மன்னார் கோர்டன்களும் ஹாலே கோர்டன்களும்

சனிக்கிழமை, காலை 8.10. பேர்லின் நொய்கெல்னில் எஸ்-பான் நகர ரயில் ஏறி, சூட்க்ரொய்ஸில் ஹாலே போகும் விரைவு ரயிலுக்கு மாறினோம். 170 கிலோமீட்டர், ஆளுக்கு 29.90 யூரோ. ஜன்னலோரம் கிடைத்தும் எனக்குப் பார்க்க விதியில்லை. பக்கத்தில் தம்பி சீலன்.

மன்னாரிலிருந்து நான் பேர்லின் வந்து நாலு நாள்தான். அதற்குள் என் நித்திரையைக் கெடுத்துவிட்டான். அவன் மகள் அனிதா விரும்புகிற ஜெர்மன் பையனின் குடும்பப் பெயர் கோர்டன். எங்கள் அப்பாவின் பெயரும் கோர்டன். இந்த நாட்டுக் காகிதங்களில் அதுவே சீலனுக்கும் அனிதாவுக்கும் குடும்பப் பெயராகிவிட்டது.

"அக்கா, அப்பர் நல்ல வெள்ளை. ரயில்பாதை வேலைக்கு வந்த கோர்டன் எண்ட வெள்ளைக்காரத் துரையின்ர பிள்ளையெண்டு ஊரில கதைச்சவைதானே? அப்பிடியெண்டால் இதுகள் அண்ணன் தங்கச்சி முறையெல்லோ?"

"விசர்க்கதை கதையாதை!" என்றேன். ஆனாலும் கைப்பையிலிருந்த அப்பாவின் ஞானஸ்நானப் பதிவை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். தகப்பன் சந்தியோகு என்று அதில் தெளிவாக இருக்கிறது. சீலனோ, எழுதினதை ஆர் நம்புறது என்கிறான்.

10.00. ஹாலே. முன்தினமே வந்திருந்த அனிதா எங்களை ட்ராமில் ஏற்றிப் பையனின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பையனின் தகப்பன் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். கோப்பி ஆறுவதற்குள் நடைச்சுவரில் தொங்கிய வம்ச வரைபடத்தின் முன் நிறுத்திவிட்டார். அனிதா மொழிபெயர்த்தாள்.

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் கோர்டன் என்று ஓர் ஊராம். அந்த ஊர்ப் பெயரோடு ஒரு குடும்பம் வடக்கே போனது. அதில் ஒரு கிளை மூட்டை சுமந்து விற்கும் வியாபாரிகளாகக் கடல் கடந்து டான்சிக் துறைமுகத்துக்கும், பிறகு ஹாலேக்கும் வந்தது. மற்றக் கிளை அங்கேயே தங்கியது. அதன் நுனியில் கடைசிப் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: ரயில்பாதை மேற்பார்வையாளர், தலைமன்னார், சிலோன்.

"முடிஞ்சுது அக்கா," என்றான் சீலன். எனக்கும் சந்தேகம் வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

கண்ணாடியைப் போட்டேன். சிலோனிலேயே மலேரியாவில் இறந்த தேதியும் இருந்தது. பதிவை எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். துரை மண்ணுக்குள் போய் இரண்டு வருஷமும் மூன்று மாதமும் கழித்துத்தான் அப்பா பிறந்திருக்கிறார்.

"விரல்விட்டு எண்ணிப் பார், மடையா!"

எண்ணினான். பிறகு அப்படியே கதிரையில் அமர்ந்து, "மாதாவே!" என்று முகத்தைத் துடைத்தான்.

"இதுக்கோ அப்பா மூண்டு மாசமா கலியாணப் பதிவுக்கு நாள் குறிக்க டேர்மீன் எடுக்க விடேல்லை?" அனிதாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "திங்கக்கிழமையே எடுப்பம்," என்றான் சீலன்.

அப்படியானால் பெயர் எப்படி வந்தது என்று பையனின் தகப்பன் கேட்டார். சொன்னேன். எங்கள் அப்பப்பா சந்தியோகு அந்தத் துரையின் கீழ் பாதை வேலை செய்தவர். பாம்பு கடித்தபோது துரையே தள்ளுவண்டியில் கிடத்தித் தண்டவாளத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். அந்த நன்றிக்குத்தான் தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயர்.

மனிதர் அனிதாவிடம் ஏதோ சொன்னார். "துரை செத்த தேதி மட்டும்தானாம் இவைக்குத் தெரியும்," என்றாள் அனிதா. "அங்க அவரை நினைக்க ஆக்கள் இருந்தவையெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறாராம்."

மாலை 4.20. புறப்படும்போது பையனின் தகப்பன் வரைபடத்தில் துரையின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு அப்பாவின் பெயரை எழுதினார்.

"ஐயோ, கோடு போட்டிட்டார்!" என்றான் சீலன்.

"புள்ளிக்கோடு அப்பா. ரத்தமில்லை, பேர் மட்டும்," என்றாள் அனிதா.

திரும்பும் ரயிலில் பிட்டர்ஃபெல்ட் நிலையம் வருமுன்னே சீலன் குறட்டை. மன்னாரில் துரையின் கல்லறை எங்கே என்று எனக்குத் தெரியாது. போனதும் தேட வேண்டும். ஆண்டுதோறும் செத்த அப்பாவுக்காக ஒப்புக்கொடுக்கிற பூசையில் பங்குச் சுவாமி ஒரு கோர்டனின் பெயரைத்தான் வாசிப்பார். இந்த வருஷம் இரண்டு பெயர் எழுதிக் கொடுப்பேன்.