சோடி எஞ்சின்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கட்டிக்கொடுத்த ஊரிலும் அந்தப் பெயர்தான். அப்பா படகுக்கு எஞ்சின் வாங்கியபோது நான் சும்மா இருந்திருப்பேனா?

பிறந்த ஊர் நாகமரை. மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் நிலம்வரை ஏறி வரும். தண்ணீர் இறங்கினால் அந்தத் தரையில் ராகி போடுவோம். ஏறினால் அதே நிலத்தின் மேல் படகு ஓடும்.

அம்மாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். படகில் அக்கரை சேர்ந்துவிட்டால் பஸ்ஸில் சீக்கிரம் மேட்டூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ரோட்டில் சுற்றிப் போனால் குலுங்கலில் அவள் உடம்பு ஒடிந்துவிடும். வாடகைப் படகோ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். காற்றடித்தால் அதுவும் கிடையாது. அதனால் அப்பா பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நானும் வந்து தங்கியிருந்தேன். எஞ்சின் மட்டும் பாக்கி.

பார்க்க வந்த மெக்கானிக் சொன்னார்: "பெரிசா ஒண்ணே மாட்டுங்க. பெட்ரோல் கம்மி, பின்பாரம் கம்மி, சர்வீசும் ஒண்ணுக்குத்தான்."

"சின்னதா ரெண்டு போடு" என்றார் அப்பா.

"அவரு சொல்றதக் கேளுங்களேம்ப்பா. ரெண்டு எஞ்சினு என்னத்துக்கு?" என்று நான் பாய்ந்தேன்.

"நடுத்தண்ணியில நின்னுட்டா?"

"துடுப்பு எதுக்கு இருக்குது?"

"ஆடிக் காத்துல துடுப்பப் போட்டு உங்கம்மாள நேரத்துக்குக் கொண்டுபோயிச் சேத்துருவியா நீ?"



ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. அப்பா ஏர் ஓட்டியவர். மாடு என்றால் அவருக்குச் சோடிதான். நான் சின்னவளாக இருந்தபோது சோடியில் ஒன்றைப் பாம்பு தீண்டிவிட்டது. மிஞ்சியது நல்ல மாடு. அது தனியாகத் தொட்டியில் வாய் வைக்காமல் நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அடுத்த சந்தையிலேயே விற்றுவிட்டார். சோடி பிரிந்த மாட்டைக் கட்டித் தீனி போடக்கூடாது என்பார்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குந்தான் சாமி ரெண்டு குடுத்தான். ஒண்ணு நின்னதும் இன்னொண்ணு இழுத்துதாக்கும்? ரெண்டும் கூட்டுச் சேந்துக்கிட்டு கைய விரிச்சிருச்சு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. "அம்மா சொல்றதும் நெசந்தானுங்க. ரெண்டுக்கும் ஒரே கேன்ல பெட்ரோல் வெச்சா, அதுல தண்ணி கலந்தா ரெண்டும் சேந்துதான் நிக்கும்" என்றார். எஞ்சினுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கேன் வந்தது அப்படித்தான்.

எஞ்சின்களுக்கு அம்மாவே மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். ஒன்றை ஓட்டி ஒன்றைச் சும்மா வைத்திருந்தால் போதும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கேட்டால்தானே! "ஒண்ண இழுக்க வுட்டு ஒண்ண வேடிக்க பாக்க வுடுவாங்களா?" என்று இரண்டையும் சேர்த்தே ஓட்டினார். வலப்பக்கத்து எஞ்சின் வலத்தான், இடப்பக்கத்தது இடத்தான். ஏர் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரியேதான்.

அம்மா தலையில் துண்டைப் போர்த்தி, ஊசி குத்துகிற கையை மடிக்குள் வைத்துக்கொண்டு உட்காருவாள். அலை எழும்பும்போதெல்லாம் அப்பா தண்ணீரைப் பார்க்க மாட்டார், திரும்பித் திரும்பி எஞ்சினைத்தான் பார்ப்பார். ஆடியில் ஒரு நாள் அலை உள்ளே வாரியடித்து மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம். நான் இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அக்கரையில் காலை வைத்ததும் அம்மா, "உங்க மாடு ரெண்டும் நல்ல மாடுங்க" என்றாள். அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இரண்டு எஞ்சினும் ஒரு நாளும் நிற்கவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாத நாள், அம்மா டீ கேட்டாள். கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். படகு கரையில் கட்டிக் கிடந்தது. இரண்டு கேனிலும் பெட்ரோல் நிறைந்திருந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த எஞ்சின்கள்மேல்கூட வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மீன் பிடிக்கிறவர் ஒருவர் வந்து ஒரு எஞ்சினை மட்டும் கொடுப்பீர்களா என்று கேட்டார். அப்பா விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி இடத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! பின்னாலேயே ஓடினேன். "சோடியப் பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? குடுக்கறதுன்னா ரெண்டையும் குடுத்துத் தொலைங்க. ஒத்த எஞ்சின வெச்சுக்கிட்டு நடுத்தண்ணியில நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இறுகிப்போயிருந்த நட்டைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"நின்னா நிக்கட்டும் கண்ணு. இனி யாருக்கு நேரமாவுது?"