விளம்பரத்தில் அழுதவள்

ராஜபாளையத்தில் தென்காசி சாலையில் எதிரெதிரே இரண்டு பெரிய ஜவுளிக்கடைகள். தீபாவளி நெருங்கும் சமயம், அவற்றில் ஒன்றுக்கு விற்பனைப் பெண்கள் தேவை என்று லோக்கல் கேபிள் சேனலில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறிப் போனேன்.

எனக்கு வேலை அவசரமாகத் தேவைப்பட்டது. வேன் ஓட்டும் என் கணவர் என்னையும் மகளையும் விட்டுவிட்டு, கோவில்பட்டியில் வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். தெருவில் யாருக்கும் அது தெரியாது. திருப்பூரில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருந்தேன். எட்டாவது படிக்கும் மகளிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

கடையின் மேல்மாடியில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். நாற்காலி ஒன்றுகூட இல்லை. வெயில் உச்சிக்கு வந்தும் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. கால் கடுத்துப்போய்ச் சிலர் சுவரோரம் குந்தினார்கள். அப்போதுதான் மேனேஜர் வந்தார். குந்தியிருந்தவர்களைப் பார்த்து, "நீங்கல்லாம் வீட்டுக்குப் போகலாம்மா" என்றார்.

"இன்னும் ஒண்ணுமே கேக்கலையே சார்" என்றாள் அவர்களில் ஒருத்தி. பிள்ளைத்தாய்ச்சி என்று பார்த்தாலே தெரிந்தது.

"நிக்க முடியுதான்னு பாத்தோம்ல. அதான் கேள்வி."

மிச்சமிருந்தவர்களைச் சிரிக்கச் சொல்லிப் பல்வரிசையைப் பார்த்தார்கள். எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே பெரிய விளக்கு, கேமரா.

"முதலாளி வெளியூர்ல இருக்காக. அவுக பாத்துத்தான் ஆள் எடுப்பாக" என்றார் மேனேஜர். "உங்களுக்கு ஏன் இந்த வேலை வேணும்னு சொல்லுங்க."

குடும்பக் கஷ்டம் என்றேன்.

"அது எல்லாரும் சொல்றதுதான். மனசுல உள்ளதைச் சொன்னாத்தான் வேலை."

அவர் குரல் மிகவும் கனிவாக இருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லாததை அந்தக் கேமராவிடம் சொன்னேன். "அவரு போயிட்டாரு சார். இனிமே வர மாட்டாரு. எனக்கு யாருமே இல்ல." அதற்குமேல் பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மேனேஜர் தண்ணீர் கொடுத்து, கூப்பிட்டு அனுப்புவதாகச் சொன்னார்.

யாரும் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினார்: "ஏட்டி, டிவியில நீ அழுதுக்கிட்டிருக்க. ஓடியா!"

எனக்கு முன்னால் மகள் ஓடிவிட்டாள். திரை நிறைய என் முகம். பின்னால் வயலின். நான் வாயைப் பொத்திக்கொண்டதும் கடையின் பெயர் தங்க எழுத்தில் வந்தது. "யாருமில்லாதவர்களுக்கு நாங்கள் இருக்கிறோம். இந்தத் தீபாவளியை எங்களோடு கொண்டாடுங்கள்" என்றது ஒரு பெண்குரல்.

"அப்பா திருப்பூர்லதானம்மா இருக்காரு?" என்று மகள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

எதிர்வீட்டு அக்கா, "எம்புட்டு நாளா எங்ககிட்ட மறைச்சிருக்க" என்றார். அவர் குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் தெரிந்தது.

ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அந்த விளம்பரம் வந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பம்மா தவறிட்டாரு?" என்று கேட்டார். அந்த வாரமே என் கணவரிடமிருந்து போன் வந்தது. அவர் குரலைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

"நான் செத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுதியா?"

"செத்துட்டீகன்னு சொல்லல. போயிட்டீகன்னுதான் சொன்னேன்."

"இங்க இவ அதை யாரோ அனுப்பி போன்ல பாத்துட்டுச் சாப்பிடாமக் கெடக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எதிர்க்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. அவருடைய விளம்பரத்தில் மீசை வைத்த ஒருவர் சேலை கட்டிக்கொண்டு, என்னைப் போலவே முந்தானையால் வாயைப் பொத்தி அழுதார். "அவரு போயிட்டாரு சார்!" "எங்கேக்கா போயிட்டாரு?" "இந்தக் கடைக்கு, ஆஃபர்ல சேலை எடுக்க!" ஊரே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் மகள் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் அந்த வசனத்தைச் சொன்னார்கள். அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள்.

மேனேஜரைப் போய்ப் பார்த்தேன்.

"நாங்க அடிச்சாம்மா பேச வச்சோம்? நீங்களாத்தான பேசுனீங்க."

"சரி சார். அந்த வேலையையாவது குடுங்க."

"எப்படிம்மா குடுக்க? கஸ்டமர் துணி எடுக்க வாராகளா, சாவு வீட்டுத் துட்டிக்கு வாராகளா? உங்க மூஞ்சியைப் பாத்தா அவுகளுக்கு அழுகைதான ஞாபகம் வரும்."

ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். ஆத்திரத்தில் போனேன். சண்டை போடுவதா, வேலை கேட்பதா என்று எனக்கே தெரியவில்லை. கல்லாவில் இருந்த முதலாளி என்னைப் பார்த்ததும், "ஏலே, எல்லாரும் வாங்கலே! ஒரிஜினலே வந்திருக்கு" என்று கூவினார். வேலைக்காரப் பையன்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவரே வேலை தருவதாகச் சொன்னார். ஒரு விளம்பரத்தில் மட்டும் நடிக்க வேண்டும்.

நடித்தேன். பட்டுச்சேலை கட்டி, உதட்டுச்சாயம் பூசி, "அழவச்சது அந்தக் கடை. சிரிக்க வச்சது இந்தக் கடை" என்றேன். நன்றாகச் சிரிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அது ஓடத் தொடங்கியதும் என்னைக் கடைவாசலில் நிறுத்தினார்கள். வருகிறவர்கள் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். "கொஞ்சம் அழுது காட்டுக்கா" என்று கேட்டவர்களும் உண்டு. கூட்டம் அலைமோதியது. முதலாளி என்னை ராசிக்காரி என்றார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் விளம்பரம் நின்றது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு கல்யாணத்துல நானும் எதிர்த்த கடை முதலாளியும் ஒரே பந்தியில உக்காந்துட்டோம். பேசித் தீத்துக்கிட்டோம். இனிமே நீ இங்க நின்னா அவருக்குச் சங்கடமா இருக்கும்லம்மா."

"எனக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன, டிவியிலயே வந்துட்ட. எங்க போனாலும் வேலை கெடைக்கும்" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

துணிக்கடை எதிலும் என்னைச் சேர்க்கவில்லை. எந்தக் கடை ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். நைட் ஷிப்ட் பார்ப்பியா என்று மட்டும் கேட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். மகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

அந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "அப்பா நெசமாவே செத்திருந்தா நீ அப்படி அழுதிருப்பியாம்மா?"

"மாட்டேன்" என்றேன்.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள்.