மெழுகுக்குள் அடைத்த திருநீறு

பிரிக்பீல்ட்ஸில் பூசைச் சாமான் கடைக்குள் நுழைந்ததுமே ஜவ்வாது மணத்தது. "திருநீறு ஒரு பாக்கெட் போதுமா அங்கிள்?" என்று கேட்டாள் கடைப் பெண். "ரெண்டு குடும்மா" என்றேன். வீட்டில் இருப்பது நான் ஒருவன். நெற்றியும் ஒன்றுதான், வழுக்கையைச் சேர்த்தால் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

இருபது வயதில் காலாட்படையில் சேர்ந்தேன். சுட்டதைவிட நடந்ததுதான் அதிகம். எங்கள் ரெஜிமெண்டின் கதை சரவாக்கில் தொடங்குகிறது. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் காட்டுக்குள் தடம் பார்க்க வந்த ஈபான் பழங்குடியினர்தான் அதற்கு வித்து. பிறகுதான் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. எல்லைக் காட்டில் ரோந்து போவது எங்கள் வேலை. எனக்கு வாய்த்த கார்ப்பரலும் ஓர் ஈபான்தான், தொண்டையில் பச்சை குத்தியவர்.

ரோந்து போகிறவன் வாசனைச் சோப்பு போடக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. காற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நானும் எல்லாவற்றையும் ஒழுங்காக விட்டேன். எங்கள் ஊர் காப்பாரில் அம்மா கட்டிக் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் மட்டும் கழுத்தில் இருந்தது. "இத கழட்டாம இருந்தாதான் நீ முழுசா வருவ" என்று சொல்லியிருந்தார். சாமி சமாச்சாரம் வாசனையில் சேராது என்பது என் நினைப்பு. முதல் ரோந்துக்கு வரிசையில் நின்றபோது கார்ப்பரல் மூக்கைத் தூக்கினார். "சியாப்பா வாங்கி நி?" எவன் இங்கே மணக்கிறான் என்று மலாயில் கேட்கிறார். திருநீற்றில் அம்மா தாராளமாக ஜவ்வாது கலந்திருந்தார்.

கழற்றினால் அம்மாவின் சொல் போச்சு. கழற்றாவிட்டால் என்னால் எல்லோர் உயிருக்கும் ஆபத்து. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது. கார்ப்பரல் திட்டவில்லை. தன் கழுத்துத் தாயத்தைத் தொட்டுக் காட்டி, தனக்கும் அம்மா உண்டு என்று மலாயில் சொன்னார். பொட்டலத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்தார். மோந்து பார்த்துவிட்டு அவரே என் கழுத்தில் மாட்டினார்.

விடுப்பில் போய் இதைச் சொன்னதும் அம்மா இன்னொன்று கட்டினார். "அந்தத் தம்பிக்கும் குடு. மெழுகு ஊத்திக்கச் சொல்லு லா." கார்ப்பரலும் சிரித்துக்கொண்டே தாயத்தோடு சேர்த்து மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு ரோந்தில், முன்னால் தடம் பார்த்து நடந்த கார்ப்பரல் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அங்கேயே உயிர் போய்விட்டது. பின்னால் நடந்த நாங்கள் முழுசாகத் திரும்பினோம்.

"தம்பி நல்லா இருக்கா?" என்றார் அம்மா அடுத்த விடுப்பில்.

"இருக்காரும்மா."

உங்கள் திருநீறு அவரைக் காக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? படையை விட்டு நான் வரும்வரை ஒவ்வொரு முறையும் இரண்டு பொட்டலம் கட்டினார். நானும் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது கடையில்தான் வாங்குகிறேன், இரண்டாகவே.